வெள்ளையடிக்கும் முன்



ஊர்த் திருவிழாவுக்கு முன் வீட்டிற்கு வெள்ளையடிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அந்த நாள்களில் நம் இல்லத்தரசியர் படும் பாட்டை நாம் அறிவோம். பரணில் இருக்கும் பழைய பாத்திரம் முதல் சுவரில் மாட்டிய தாத்தாவின் படம் வரை ஒவ்வொன்றும் முற்றத்திற்கு வந்துவிடும். துடைக்க வேண்டியதைத் துடைத்து, எறிய வேண்டியதை எறிந்து, வைத்துக்கொள்ள வேண்டியதைப் பத்திரமாக ஓர் ஓரத்தில் சேர்த்த பின்னரே சுண்ணாம்பு வாளி வீட்டிற்குள் நுழையும். எந்தப் பொருளையும் வெளியே எடுக்காமல் சுண்ணாம்பை அள்ளி வீசுகிறவரை என்னவென்று சொல்வோம்?

ஆனால் இன்று கணினி வைத்திருக்கும் பல குடும்பங்களில் ஏறத்தாழ இதுதான் நடைபெறுகிறது. ‘கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா ஓடுது, ஃபார்மட் போட்டுரலாம்’ என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தலையாட்ட, ஒரு மணி நேரத்தில் யாவும் முடிந்துவிடும். கணினி புதுப்பெண் போல் பொலிவுடன் விளங்கும். இழந்தது என்ன என்பது மூன்று மாதம் கழித்துத்தான் நினைவுக்கு வரும்.

இந்தத் திங்கள், இயங்குதளத்தை முற்றிலும் அழித்து மீண்டும் புதிதாக நிறுவுவது பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். ‘இது இளைஞர்களின் விவகாரம்’ என்று பெரியவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இதில் பெரியவர்களுக்கே பெரும் பங்கு உண்டு என்பதை முடிவில் காண்பீர்கள்.

இலத்தூர் இளைஞன்

தென்காசிக்கு அருகே இலத்தூரில், வயலும் குளமும் சூழ்ந்த தெரு ஒன்றில் வாழும் குடும்பம் அது. தந்தை 2015-ஆம் ஆண்டில் காலமாகிவிட்டார். மூத்த மகள் திருமணமாகிச் சென்னையில் இருக்கிறாள். தாயும், கல்லூரியில் படிக்கும் மகனும் மட்டுமே வீட்டில். குற்றாலத்துச் சாரல் இலத்தூர் வரை எட்டிப் பார்த்த ஒரு மாலையில், அந்த இளைஞன் ஒரு மடிக்கணினியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

“சாமி, இது அக்கா பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது. கடையில காட்டினேன். இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குன்னு சொல்லிட்டாங்க. புதுசு வாங்க வழி இல்ல. இதுலயே எல்லாத்தையும் அழிச்சுட்டு வேற ஓ.எஸ். போட்டுப் பார்க்கலாம்னு இருக்கேன்” என்றான்.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. மின்சார வசதியே அரிதாயிருந்த இல்லங்களிலும் அந்தப் பெட்டி முதல் கணினியாக நுழைந்ததை நாம் கண்டோம். இப்போது பலருக்கு மறந்துபோன ஒரு செய்தி உண்டு. தொடக்க ஆண்டுகளில் வழங்கிய மடிக்கணினிகளில் ஒன்றன்று, இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். மற்றொன்று ‘பாஸ்’ எனும் பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய லினக்ஸ் இயங்குதளம் அது. கணினியை இயக்கியதும், ‘உனக்கு எது வேண்டும்?’ என்று ஒரு சிறு பட்டியல் திரையில் கேட்கும். பெரும்பாலான பிள்ளைகள் விண்டோசைத் தேர்ந்தெடுத்தார்கள். பாஸ், அழைப்பாரற்ற விருந்தாளியாய்ப் பின்கட்டிலேயே இருந்துவிட்டது.

அவன் கொண்டு வந்த கணினியில் நினைவகம் 2 ஜி.பி. மட்டுமே. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்து வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 சனவரி 14-ஆம் நாளோடு பொதுவாக நின்றுவிட்டன. பின்னாளில் வந்த விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் நாள் அதே நிலை ஏற்பட்டது. விண்டோஸ் 11-ஓ குறைந்தது 4 ஜி.பி. நினைவகமும், 64 ஜி.பி. சேமிப்பிடமும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் கேட்கிறது. பழைய பெட்டிக்கு அது எட்டாக்கனி. எனவே அந்த இளைஞன் நினைத்தது தவறன்று. பாதுகாப்பற்றுப் போன பழைய தளத்தை அகற்றிவிட்டு, எளிய கணினியிலும் ஓடக்கூடிய லினக்ஸ் ஒன்றை நிறுவுவது நல்ல முடிவே.

“வேண்டியதை எல்லாம் நகல் எடுத்துவிட்டாயா, தம்பி?” என்று கேட்டேன்.

“எடுத்தாச்சு சாமி. சி டிரைவ், டி டிரைவ் ரெண்டையும் பார்த்துட்டேன்” என்றான்.

“அம்மாவைக் கேட்டாயா?”

அவன் சிரித்தான். “அம்மாவுக்குக் கம்ப்யூட்டரப் பத்தி என்ன தெரியும்?”

நான் சிரிக்கவில்லை. அதற்கொரு காரணம் உண்டு.

என் கை செய்த பிழை

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் பணியாற்றியபோது, அந்த ஊர் முதியோரிடம் அமர்ந்து, பழங்கால நிகழ்ச்சிகளைக் கேட்டு ஒலிப்பதிவு செய்யும் பழக்கம் எனக்கு இருந்தது. எந்த ஆண்டில் கிணறு வெட்டினார்கள், பஞ்சம் வந்தபோது எதை உண்டார்கள், முதற்பேருந்து வந்த நாளில் ஊரார் என்ன செய்தார்கள் என்று அவர்கள் சொல்லச் சொல்லப் பதிவு செய்தேன். ஏறத்தாழ இரண்டாண்டு உழைப்பு. அவற்றை அலுவலகக் கணினியின் முகப்புத் திரையில் ஓர் உறையில் போட்டு வைத்திருந்தேன். கணினியை வைரஸ் தாக்கியது. ‘நானே சரி செய்கிறேன்’ என்று துணிந்தேன். ‘டி டிரைவில் இருப்பவற்றுக்கு ஆபத்தில்லை, சி டிரைவை மட்டும் அழித்தால் போதும்’ என்று எவரோ சொன்னதை வேதவாக்காகக் கொண்டேன்.

முகப்புத் திரையும் சி டிரைவுக்குள்தான் அடங்கியிருக்கிறது என்பதை நான் அறியவில்லை. கண்முன் எப்போதும் தெரிவதால், அது தனி இடம் என்று எண்ணிவிட்டேன். பதினாறு முதியோரின் குரல்கள் அன்று மாலையே அழிந்தன. அவர்களுள் மூவர் அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தனர். ஒருவருடைய மகன், ‘அப்பா பேசுனது வேணும் சாமி’ என்று என்னிடம் வந்து நின்றபோது, நான் தலை கவிழ்ந்து நின்றேன். ‘அழிந்துவிட்டது’ என்ற ஒரே சொல்லைச் சொல்வதற்கு எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

பிழை கணினியினுடையதன்று, முழுவதும் என்னுடையது. அழிப்பதற்கு முன் எவரையும் கேளாமல், எதையும் எழுதி வைக்காமல், பார்த்த இடத்தில் மட்டும் பார்த்துவிட்டு, பொத்தானை அழுத்தியவன் நான்.

தாய் கேட்ட கேள்வி

ஆகவே அந்த இளைஞனோடு அவன் வீட்டிற்கே சென்றேன். செய்தியைச் சொன்னதும், முற்றத்தில் அமர்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த தாய் ஒரே கேள்விதான் கேட்டார்.

“ஏல, அவுக ஒனக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தது அதுலதானல இருக்கு?”

மகன் விழித்தான். தாய் விளக்கினார். அவன் ஏழு வயதுச் சிறுவனாக இருந்தபோது, தந்தை அவனை மடியில் இருத்திப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தாராம். அவன் தப்பாகச் சொல்லச் சொல்ல, அவர் சிரித்தாராம். மூத்த மகள் அதைக் கைப்பேசியில் பதிவு செய்து, பிறகு கணினியில் ஏற்றி வைத்தாளாம். அந்தக் கைப்பேசி எப்போதோ பழுதாகிப் போயிற்று. தந்தையின் குரல் பதிவான வேறெதுவும் அந்த வீட்டில் இல்லை.

கணினி முழுவதும் தேடினோம். சி டிரைவில் இல்லை. டி டிரைவிலும் இல்லை. குப்பைத்தொட்டியையும் திறந்து பார்த்தோம். இல்லை. தாயின் முகம் வாடிற்று. ‘2016-இல் ஒரு தடவை கடையில் கொடுத்து விண்டோஸ் மாற்றினோம், அப்போதே போயிருக்கும்’ என்றான் மகன்.

சென்னையிலிருந்த மகளைத் தொலைபேசியில் அழைத்தோம். அவள் சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: “அப்ப விண்டோஸ்ல வைரஸ் வந்து திறக்கவே இல்ல சாமி. அதனால கொஞ்ச நாள் இன்னொண்ணுலதான் வேலை பார்த்தேன். ஆன் பண்ணுனதும் பட்டியல் வருமே, அதுல கீழ இருக்கும். அதுக்குள்ள பாருங்க.”

அவள் குறிப்பிட்டது பாஸ் லினக்சை. ஆனால் இப்போது அந்தப் பட்டியல் திரையில் தோன்றுவதே இல்லை. ஏனென்று சிந்தித்தபோது காரணம் புலப்பட்டது. ஒரே கணினியில் விண்டோசும் லினக்சும் இருக்கையில், விண்டோசை மட்டும் மீண்டும் நிறுவினால், தொடக்கப் பட்டியலை அது தன் போக்கில் மாற்றி எழுதிவிடும். அதன்பின் லினக்ஸ் இருப்பது போலவே தோன்றாது. ஆயினும் லினக்சுக்கென ஒதுக்கிய பகுதி வட்டில் அப்படியே கிடக்கும். விண்டோசோ அந்தப் பகுதியின் அமைப்பைப் படிக்க அறியாதது. ஆகவே அதனை நமக்குக் காட்டுவதும் இல்லை. வாசலைச் சுவர் வைத்து அடைத்துவிட்ட அறை போன்றது அது. அறை இருக்கிறது, உள்ளே பொருளும் இருக்கிறது, வெளியிலிருந்து பார்ப்பவனுக்குச் சுவர்தான் தெரிகிறது.

லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றைச் செருகிக் கணினியை இயக்கினோம். லினக்சில் ஒரு வசதி உண்டு. கணினியில் எதையும் நிறுவாமல், எதையும் அழிக்காமல், பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். அவ்வாறு திறந்ததும், வட்டின் எல்லாப் பகுதிகளும் வரிசையாகத் தெரிந்தன. விண்டோஸ் ஒருபோதும் காட்டாத பகுதியும் தெரிந்தது. அதனுள் மகளின் பெயரில் ஓர் உறை. அதற்குள் கல்லூரிப் பாடங்கள், சில நிழற்படங்கள், ஓர் ஒலிக்கோப்பு.

நாலு நிமிடம் ஓடியது அது. ‘பதினாறேழு எவ்வளவுல?’ என்று ஒரு கனத்த குரல் கேட்கிறது. ‘நூத்திப் பத்து’ என்கிறது ஒரு பிஞ்சுக் குரல். அடக்க முடியாத சிரிப்பொலி எழுகிறது. தாய் கீரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். மகன் எழுந்து வாசலுக்குச் சென்று, மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்று நாங்கள் எதையும் அழிக்கவில்லை, எதையும் நிறுவவில்லை. அந்தக் கோப்பை மூன்று இடங்களில் நகல் எடுத்துவிட்டு, நான் வீடு திரும்பினேன்.

செய்யும் முறை

அடுத்த சனிக்கிழமை பணியைத் தொடங்கினோம். என் பிழையிலும் அந்த வீட்டின் அனுபவத்திலும் கற்றதை இங்கே வரிசையாகத் தருகிறேன். விண்டோசாயினும் லினக்சாயினும் அடிப்படை ஒன்றே.

முதலில், இந்த வேலை தேவைதானா என்று ஆராயுங்கள். கணினி மெதுவாக ஓடுவதற்கெல்லாம் இயங்குதளம் காரணமன்று. வட்டு தேய்ந்திருக்கலாம், நினைவகம் போதாதிருக்கலாம், காற்றோட்டப் பகுதியில் தூசி அடைத்திருக்கலாம். பழைய சுழலும் வட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தினாலே பல கணினிகள் புத்துயிர் பெறும். மேலும், விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில், கோப்புகளை வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மட்டும் புதுப்பிக்கும் வசதி அமைப்புப் பகுதியிலேயே உள்ளது. அதுவே போதுமெனில் முழுவதும் அழிப்பானேன்? வைரஸ் ஊறிப்போன கணினிக்கும், வேறு இயங்குதளத்திற்கு மாறுவதற்கும், பிறரிடமிருந்து வாங்கிய பழைய கணினிக்கும் முற்றிலும் புதிதாக நிறுவுவதே தக்கது.

இரண்டாவதாக, வீட்டில் உள்ள அனைவரையும் கேளுங்கள். இதற்குக் கணினி அறிவு வேண்டியதில்லை. ‘இந்தப் பெட்டியில் உனக்கு வேண்டியது என்ன இருக்கிறது?’ என்ற ஒரே கேள்வி போதும். பாட்டி, பேரன், வெளியூரிலிருக்கும் மகள் என ஒவ்வொருவர் சொல்வதையும் ஒரு தாளில் எழுதுங்கள். முகப்புத் திரை, பதிவிறக்க உறை, படங்கள், கணக்கு மென்பொருளின் தரவு, உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் ஆகியவை அடிக்கடி விடுபடுகிறவை. பட்டியலில் ஒவ்வொன்றையும் கண்டு, நகல் எடுத்து, எதிரே ஒரு குறி இடுங்கள்.

மூன்றாவதாக, நகலைச் சோதியுங்கள். வெளிவட்டில் ஏற்றியதோடு நில்லாமல், வேறொரு கணினியில் அதைச் செருகிச் சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறக்காத நகல் நகலன்று. மிக அரிய கோப்புகளுக்கு இரண்டு நகலேனும் இருக்கட்டும். பின்னர் அந்த வெளிவட்டைக் கணினியிலிருந்து கழற்றி, அலமாரியில் வைத்துவிடுங்கள். நிறுவும்போது அது செருகியே இருந்தால், தவறுதலாக அதையே அழித்துவிட நேரிடும்.

நான்காவதாக, தமிழ் எழுத்துருக்களை மறவாதீர்கள். பங்கு அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் ஏராளம். எழுத்துரு இல்லாத புதிய கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகக் காட்சி தரும். கோப்பு கெட்டுவிட்டது என்று கலங்கி, அழித்தவர்களும் உண்டு. கோப்பு கெடவில்லை, அந்த எழுத்துருவை மீண்டும் நிறுவினால் தமிழ் திரும்பும். ஆகவே விண்டோசின் எழுத்துரு உறையையும் நகல் எடுத்து வையுங்கள். தமிழக அரசு 2010-ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது. பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி வைத்தால் இந்தத் தொல்லை நிலையாக நீங்கும்.

ஐந்தாவதாக, சாவிகளைத் திரட்டுங்கள். விண்டோஸ் 7 காலத்துக் கணினிகளின் அடிப்பக்கத்தில் ஒட்டிய தாளில் உரிம எண் இருக்கும். சாரல் ஈரத்திலும் கைவியர்வையிலும் அது அழிந்துவிடும் இயல்புடையது. இப்போதே படம் எடுத்து வையுங்கள். முறையாக உரிமம் பெற்ற விண்டோஸ் 10, 11 கணினிகளில், அதே பதிப்பை மீண்டும் நிறுவி இணையத்தில் இணைத்தால் பெரும்பாலும் உரிமம் தானே உறுதியாகும். வட்டு ‘பிட்லாக்கர்’ முறையில் பூட்டப்பட்டிருந்தால், அதன் மீட்பு எண்ணையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். மின்னஞ்சல் கடவுச்சொல் நினைவிருக்கிறதா என்றும் பாருங்கள். கணினி இதுவரை உங்களுக்காக நினைவு வைத்திருந்தது, நாளை அது மறந்திருக்கும்.

ஆறாவதாக, நிறுவும் பென் டிரைவை நீங்களே தயாரியுங்கள். விண்டோசுக்கு 8 ஜி.பி. கொள்ளளவு போதும். அதில் முன்பிருப்பவை அழிந்துவிடும் என்பதை நினைவிற்கொள்க. விண்டோசாயின் மைக்ரோசாஃப்டின் சொந்த இணையதளத்திலிருந்தும், லினக்சாயின் அதனை வெளியிடுவோரின் தளத்திலிருந்தும் மட்டுமே இறக்குங்கள். எங்கிருந்தோ வந்த திருட்டு நகல், திருடனைக் காவலுக்கு வைத்தது போலாகும். வைஃபை வேலை செய்வதற்கான டிரைவர் மென்பொருளையும் முன்னரே இறக்கி, வேறொரு பென் டிரைவில் வையுங்கள். அது இல்லாவிட்டால் இணையம் வராது. இணையம் இல்லாவிட்டால் அதை இறக்கவும் முடியாது!

ஏழாவதாக, நிறுவும் நேரத்தில் மின்சாரம் தடைப்படாதிருக்க வேண்டும். நம் பக்கம் சாரல் காற்றில் மின்கம்பி ஆடும் நாள்களில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். மடிக்கணினியின் மின்கலம் நிறைந்திருக்கட்டும். கணினியை இயக்கியவுடன் எஃப்12, எஃப்9, எஸ்கேப் போன்றவற்றுள் அந்தத் தயாரிப்பாளருக்குரிய பொத்தானை அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

எட்டாவதாக வருவது மிக முக்கியமான திரை. வட்டின் பகுதிகள் பட்டியலாகத் தோன்றும். இங்கே அவசரம் வேண்டாம். அவை சி, டி என்ற பெயர்களோடு இரா. எண்களும் கொள்ளளவுமே இருக்கும். எது எதுவென்று கொள்ளளவை வைத்து முன்கூட்டியே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஐயம் எழுந்தால் அங்கேயே நிறுத்தி வெளியேறலாம். அழிக்கும் கட்டளையை நீங்கள் இடும் வரை எதுவும் இழக்கப்படுவதில்லை. முழு வட்டையும் புதிதாக்குவது உங்கள் எண்ணமாயின், நகல் பத்திரமாக அலமாரியில் இருக்கிறது என்ற உறுதியோடு தொடருங்கள். இடையே கணினி தானே அணைந்து மீண்டும் தொடங்கும். அப்போது மறுபடியும் முதல் திரையே வந்தால் திகைக்க வேண்டாம். பென் டிரைவைக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்குங்கள்.

ஒன்பதாவதாக, நிறுவிய பின் முதலில் பாதுகாப்புத் திருத்தங்கள், அடுத்து டிரைவர்கள், பிறகு தமிழ் விசைப்பலகை, இறுதியில் உங்கள் கோப்புகள் என்ற வரிசையைக் கடைப்பிடியுங்கள். பழைய கணினியில் இருந்த எல்லா மென்பொருள்களையும் மறுபடி ஏற்றாதீர்கள். வெள்ளையடித்த வீட்டில் பரண் குப்பையை மீண்டும் அடுக்குவார் உண்டோ? ஆனால் நகலை மட்டும் இரண்டு மூன்று திங்களுக்கு அழிக்க வேண்டாம். விட்டுப்போனது எது என்பது மெல்லத்தான் தெரியும்.

இழந்துவிட்டால் என்ன செய்வது என்றும் சிலர் கேட்கலாம். விரைவு முறையில் அழிக்கும்போது, பழைய சுழலும் வட்டுகளில் தரவு உடனே மறைவதில்லை. அதன்மேல் வேறொன்று எழுதப்படும் வரை மீட்க வாய்ப்புண்டு. ஆகவே தவறு தெரிந்த மறுகணமே கணினியை அணைத்துவிட்டு, அறிந்தவரிடம் எடுத்துச் செல்லுங்கள். எஸ்.எஸ்.டி. வட்டுகளில் இந்த வாய்ப்பு மிகக் குறைவு. இதே காரணத்தால், பழைய கணினியை விற்கும்போதோ பிறருக்குக் கொடுக்கும்போதோ, வெறும் ஃபார்மட்டை நம்பாமல், வட்டை முழுமையாகத் துடைத்துக் கொடுங்கள். உங்கள் வங்கிச் செய்தி அந்நியர் கையில் சேர வேண்டாமே.

புதிய தளம், பழைய குரல்

அந்த இலத்தூர்க் கணினியில் நினைவகத்தை 4 ஜி.பி. ஆக்கி, சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி, லினக்ஸ் மின்டின் எளிய வடிவமான எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பை நிறுவினோம். ஆயத்தங்களுக்கு இரண்டு நாள் பிடித்தன. நிறுவுவதற்கோ அரை மணி நேரமும் ஆகவில்லை. கழற்றிய பழைய வட்டை அழிக்காமல், துணியில் சுற்றி, தாயின் இரும்புப் பெட்டியில் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்துவிட்டார்கள். அதைவிடப் பத்திரமான இடம் அந்த வீட்டில் இல்லை.

‘லினக்ஸ் கற்றால் பயனுண்டா?’ என்று சிலர் ஐயுறுவதுண்டு. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு கணவாய்க்கு அப்பால், கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளிலேயே கணினி பயில்கின்றனர். உலகின் வலைத்தளங்களைத் தாங்கும் கணினிகளுள் பெரும்பான்மையானவை லினக்சிலேயே ஓடுகின்றன. நமக்கு அருகே மத்தளம்பாறையில் சோகோ நிறுவனம் கிராமத்துச் சூழலிலேயே மென்பொருள் அலுவலகம் நடத்தி வருகிறது. எனவே சிற்றூர்ப் பிள்ளை, பழைய பெட்டியில் தன் கையாலேயே ஓர் இயங்குதளத்தை நிறுவிப் பழகுவது வீண் வேலையன்று. தொழிற்கல்வியின் முதற்பாடம் என்றே கூறலாம். விண்டோஸ் மென்பொருள்கள் சில லினக்சில் ஓடா என்பதும் உண்மை. கல்லூரியில் கட்டாயமாக வேண்டிய மென்பொருள் எதுவெனக் கேட்டறிந்த பின்னரே மாறுங்கள்.

வேலை முடிந்ததும், ‘முதலில் எதைத் திறந்து பார்க்கலாம்?’ என்று கேட்டேன். இளைஞன் பாடக் கோப்பைத் திறக்கவில்லை, இணையத்தையும் திறக்கவில்லை. தாயை அழைத்து, பக்கத்தில் அமர்த்தி, அந்த நாலு நிமிடப் பதிவை ஓடவிட்டான். ‘பதினாறேழு எவ்வளவுல?’ என்று தந்தை கேட்டபோது, இருபது வயது மகன் மெல்லிய குரலில், “நூத்திப் பன்னிரண்டு” என்றான்.

அன்புப் பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் கணினியைத் துடைக்கும் முன் உங்களைக் கேட்கும்படி சொல்லுங்கள். ‘எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது’ என்று ஒதுங்கிவிடாதீர்கள். பொத்தான்கள் எவை என்பதைப் பிள்ளைகள் அறிவார்கள். பெட்டிக்குள் இருக்கும் பொருளின் மதிப்பை நீங்கள் அறிவீர்கள். இளைஞர்களே, அம்மாவுக்கு என்ன தெரியும் என்று சிரிக்கும் முன், ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இரண்டு வட்டுப் பகுதிகளையும் சல்லடையிட்டுத் தேடிய மகனின் நினைவுக்கு வராதது, கீரை ஆய்ந்துகொண்டிருந்த தாய்க்கு நினைவிருந்தது.

இன்று மாலையே ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுத்துக்கொண்டு, உங்கள் வீட்டுக் கணினியில் என்னென்ன இருக்கின்றன என்று குடும்பமாக அமர்ந்து எழுதத் தொடங்குங்கள். வெள்ளையடிக்கும் நாள் என்றாவது வரத்தான் போகிறது. அப்போது அந்தத் தாள் உங்களுக்குக் கைகொடுக்கும்.

அடுத்த திங்கள் மீண்டும் சந்திப்போம்.